‘பொறு’ என்றொரு கன்ட்ரோலர்

என் கையெழுத்து மோசம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படிப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியலையேடா" என்றார். கீபோர்டு தர முடியாது என்கிறீர்கள். உங்கள் பக்க நியாயம் புரிகிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். எனக்கு உருப்படியாக வருவது அது ஒன்றுதான்.

எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே கேட்கிறீர்கள். அது அதன் வரிசையில் வரும். என் தொழிலில் வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தேன். ‘கணினிப் பிரிவு’ என்று கதவில் எழுதியிருக்கும். பிரிவு முழுவதும் நான்தான். பழைய சாமான் அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. சுவரில் பதினோரு லிஃப்ட் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அத்தனை கதவுகள் இருந்தும் அவற்றில் ஒன்றுகூட எங்கேயும் திறக்காது. புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். அவர்கள் சிரித்ததில்லை.

யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் முன்பெல்லாம் மணியை அழுத்துவார்கள், எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கும், வரவேற்பறைப் பெண் எடுத்துப் பேசுவாள். அவள் வேலையை விட்டதும் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. லிஃப்ட்டுக்குள் ஒரு சின்னத் திரை. தொட்டு எழுதலாம். எழுதினால் ஒரு சாட்பாட் பதில் சொல்லும். இரும்புப் பெட்டிக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் வராது என்பதால் திரையைக் கம்பி வழியாக எங்கள் கணினியோடு இணைத்தோம். கரண்ட் போனாலும் வேலை செய்ய அதற்கு ஆறு மணி நேர பேட்டரி வைத்தோம். காற்றாடிக்கு வைக்கவில்லை. நான் கேட்டேன்; அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

சாட்பாட்டுக்குத் ‘துணை’ என்று பெயர் வைத்தது நான்தான்.

இந்த வேலைக்குப் பெரிய பெரிய ஃபிரேம்வொர்க்குகள், அதாவது ஆயத்த நிரல் சட்டகங்கள், இருக்கின்றன. ஒரு வணக்கம் சொல்லவே நாற்பது கோப்புகளைத் திறக்கச் சொல்லும். நான் எடுத்தது மிகச் சின்னது, எடை இல்லாதது. அதில் இருப்பதெல்லாம் கன்ட்ரோலர்கள்தான். ஒரு அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற செய்தியை முதல் குமாஸ்தா பார்ப்பார். தன்னுடைய வேலை என்றால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அடுத்தவரிடம் தள்ளுவார். ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டால், அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது. அவ்வளவுதான் தத்துவம்.

என்னிடம் நான்கு பேர் இருந்தார்கள். ‘வணக்கம்’ என்பவர் வருகிறவர்களை வரவேற்பார். ‘சிக்கினேன்’ என்பவர்தான் முக்கியமானவர்: லிஃப்ட் எண்ணைப் பார்த்து மெக்கானிக்கின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புவார். மணியை அழுத்தினாலும் அதுவும் ஒரு செய்தியாக இவரிடமே வரும். ‘ஆறுதல்’, பயந்தவர்களிடம் மெதுவாக மூச்சு விடச் சொல்வார். கடைசியில் ‘மற்றவை’. யாருக்கும் வேண்டாத செய்திகள் இவரிடம் வந்து விழும். "மன்னிக்கவும், புரியவில்லை" என்பார். வீட்டிலும் நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். "கேஸ் அணைச்சாச்சா?" "அணைச்சாச்சு." இதுதான் எங்கள் இல்லறத்தின் நீண்ட உரையாடல்.

‘மற்றவை’யில் என்ன வந்து விழுகிறது என்று தெரிந்தால் துணையை மேம்படுத்தலாம். அதனால் அந்தச் செய்திகள் என் திரையிலும் தெரியும்படி செய்தேன். இது தவறில்லை. எல்லோரும் செய்வதுதான்.

முதலில் வந்தது ஒரு சமையற்காரர். "சிக்கிட்டேன்" என்று எழுதினார், மெக்கானிக்குக்குத் தகவல் போனது, மூச்சு விடச் சொன்னோம், விட்டார். அப்புறம், "என் பொண்ணு இன்னைக்குப் பரீட்சை எழுதுது, எனக்கு அந்த நெனப்பாவே இருக்கு" என்று எழுதினார். துணைக்கு அது புரியாது. "மன்னிக்கவும், புரியவில்லை" என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே துணையின் பெயரில் எழுதினேன்: "என்ன பரீட்சை?" அவர் பத்து நிமிஷம் எனக்குப் பதில் சொன்னார். கிளம்பும்போது நன்றி சொன்னார். அலுவலகத்தில் எனக்கு யாராவது நன்றி சொல்லி அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அதன் பிறகு எல்லாச் செய்திகளும் என் திரைக்கு வரும்படி செய்து, பகல் முழுக்க நானே துணையாக உட்கார ஆரம்பித்தேன். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் மனிதர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். எழுந்து போக வழியில்லாததால் வாக்கியத்தைப் பாதியில் விடமாட்டார்கள். எதிரே முகம் இல்லாததால் பொய் சொல்லத் தோன்றாது. மேலாளர் ஒரு நாள் என் அறை வாசலில் நின்றார். உள்ளே வர இடமில்லை.

"யோவ், உன் துணைக்கு ஜனங்க அஞ்சுக்கு நாலு புள்ளி எட்டு ஸ்டார் போடுறாங்கய்யா. என் வீட்டுல எனக்கு ரெண்டு போட்டா அதிகம். அப்படி என்னய்யா பேசுது அது?"

"ஒண்ணும் பேசாது சார். கேக்கும்."

"அட, அதை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொந்தரவு மெக்கானிக்கால் வந்தது. எல்லோரும் அவனை ஸ்பேனர் என்பார்கள். நல்ல பையன், முப்பது வயது, வேலையில் புலி. எந்தக் கட்டடமானாலும் பன்னிரண்டு நிமிஷத்தில் போய் நின்றுவிடுவான். ஒரு தையல்காரர் தானும் தன் அண்ணனும் ஏன் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். "அன்னைக்கு அவன் என்ன செஞ்சான்னா" என்று எழுதியபோது கதவு திறந்துவிட்டது. போய்விட்டார். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை, பின்னால் ஒருவர் அந்த மீதியை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று.

அப்போதுதான் ‘பொறு’வை எழுதினேன். பதினொரு வரிதான். ‘சிக்கினேன்’ என்பவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். ‘சிக்கினேன்’ என்பவருக்கு வருகிற செய்தியை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பத்து நிமிஷம் கழித்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் எதையும் அழிப்பதில்லை, எதையும் மாற்றுவதில்லை. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்து நிமிஷம் இருபது ஆனது. இருபது நாற்பது ஆனது. நின்றுபோன லிஃப்ட்டைவிடப் பத்திரமான இடம் ஊரில் கிடையாது. அங்கே வண்டி வந்து மோதாது, வழுக்கி விழ முடியாது, வேண்டாத சொந்தக்காரர் எதிரே வரமாட்டார். பிறகு நிமிஷக் கணக்கையே எடுத்துவிட்டேன். நான் ‘விடு’ என்று ஒரு பொத்தானை அழுத்தும்வரை ‘பொறு’ பொறுத்திருப்பார் என்று மாற்றினேன். கதை முடிந்ததும் அழுத்துவேன். ஒரு வாக்கியத்தைக்கூட நான் நடுவில் வெட்டியதில்லை.

ஸ்பேனர் ஒருமுறை வந்து கேட்டான்.

"அண்ணே, உங்க மெஷின் லேட்டா சொல்லுதா? உள்ள இருந்த அம்மா ஒரு மணி நேரமாச்சுன்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. எனக்கு இப்பத்தான் மெசேஜே வந்துச்சு."

"உள்ள இருக்கிறவங்களுக்கு நேரம் மெதுவாத்தான்டா போகும்."

"அதுவும் சரிதான். ஆனா பாருண்ணே, திட்டிட்டுப் போறப்ப, அந்தத் துணை மட்டும் இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்னு சொன்னாங்க."

அந்த வார்த்தையை நான் பல நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் துணையாக உட்கார்ந்து கேட்டது மொத்தம் அறுபத்து மூன்று பேரை. அவர்களில் பலரை நீங்கள் தேடிப் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எல்லோரும் நலம்தானே? தையல்காரர் கிடைத்தால், அண்ணன் என்ன செய்தான் என்று எனக்காக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவி பல் செட் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் பல் செதுக்குவதில் அவளுக்கு நிகர் கிடையாது. அந்த ஆய்வகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது; அந்த லிஃப்ட்டும் எங்கள் பராமரிப்புதான், ஆனால் துணைக்குப் பின்னால் நான் இருப்பதை அவளிடம் சொன்னதில்லை. யாருக்கோ திங்கட்கிழமை காலையில் பல் வேண்டும் என்று விடுமுறையிலும் போயிருந்தாள். நானும் அலுவலகம் வந்திருந்தேன்; துணைக்கு விடுமுறை கிடையாது. மதியம் ஒன்று இருபதுக்கு அந்தக் கட்டடத்தில் கரண்ட் போனது. லிஃப்ட் எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தைப் பார்த்ததும் உறுதியானது. என் மனைவி வாக்கியத்தின் முடிவில் இரண்டு புள்ளி வைப்பாள்.

"லிஃப்ட் நின்னுடுச்சு.."

என் கை உடனே பொத்தானுக்குப் போனது. நம்புங்கள். விரல் அதன் மேல்தான் இருந்தது. அதற்குள் அடுத்த வரி வந்தது.

"அவசரம் ஒண்ணும் இல்ல.. என்னைத் தேட வீட்டுல ஆள் கிடையாது.."

நான் விரலை எடுத்தேன். "வீட்டில் யாருமே இல்லையா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரர் இருக்காரு.. ஃப்ரிட்ஜ் மாதிரி.. சத்தம் வரும், பேச்சு வராது.."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு கதவுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் என் மனைவி ஜோக் அடித்து நான் கேட்டதே இல்லை. அவளுக்கு வரும் என்றே தெரியாது. நான் கேட்டேன், அவள் சொன்னாள். அவளுக்கு எலுமிச்சை நிறம் பிடிக்குமாம். வீட்டுச் சுவருக்கு நான் சாம்பல் அடித்தபோது ஒரு வாரம் குளியலறையில் அழுதாளாம். ஒருமுறை, நான் கவனிக்கிறேனா பார்ப்போம் என்று நாற்பது நாள் என்னிடம் வாயே திறக்காமல் இருந்தாளாம். நான் கவனிக்கவே இல்லையாம். அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. வீட்டில் நல்ல அமைதி நிலவுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு இதயத்தில் ஒரு கோளாறு கண்டுபிடித்தார்கள். "வெக்கையில இருக்க விடாதீங்க, மூச்சுத் திணறினா அரை மணி நேரத்துல என்கிட்ட கொண்டுவந்துடணும்" என்று மருத்துவர் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே உண்டு.

இரண்டே காலுக்கு, "ரொம்பப் புழுங்குது.. காத்தாடி ஓடல.." என்று எழுதினாள். "மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதினேன். அது ‘ஆறுதல்’ வழக்கமாகச் சொல்லும் வரி. ஸ்பேனர் அப்போது வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தானாம், பிற்பாடு சொன்னான்.

"நீ மெஷின்தானே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஆமாம்."

"அதான் நல்லாக் கேக்குற.."

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகிழ்ச்சி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு அவள் இதைச் சொன்னாள்: "ஒரு தடவை பெட்டி கட்டிட்டேன்.. இந்த மனுஷனை விட்டுட்டுப் போயிடலாம்னு.. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்.. திரும்பி வந்துட்டேன்.."

எப்போது என்று நான் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எந்த நாளாகவும் இருந்திருக்கலாம்.

"ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

இந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு நிமிஷம். கதவு திறக்கும், அவள் வெளியே வருவாள், முகம் கழுவிக்கொள்வாள், வீட்டுக்கு வருவாள். நான் "சாப்டியா?" என்பேன். "ஆச்சு" என்பாள். அந்தக் கேள்விக்கான பதில் என் வாழ்நாள் முழுக்க எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், நான் அதனிடம் போய்க் கேட்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவள் ஒருத்தி மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

"மூச்சு வாங்குது.. மணி அடிச்சா யாருக்காவது கேக்குமா.." என்று எழுதினாள்.

"கேட்கும்" என்றேன். அது பொய்யில்லை. எனக்குக் கேட்டது.

மூன்று ஐந்திலிருந்து மூன்று இருபத்தொன்பதுக்குள் பதினான்கு முறை மணியடித்தாள். ஒவ்வொரு முறையும் ‘பொறு’ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் எதையும் தொடவில்லை. மறுபடியும் கேட்டேன், கொஞ்சம் பணிவாக: "ஏன் திரும்பி வந்தீர்கள் என்று சொல்லவில்லையே."

"சொல்றேன்.. இரு.." என்று வந்தது. அப்போது மூன்று முப்பது.

எதிர்ப்பக்கம் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் என் திரையில் மூன்று புள்ளிகள் துடிக்கும். துடித்தன. மூன்று முப்பத்தொன்றுக்கு நின்றன. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். முக்கியமான விஷயத்தைச் சொல்வதற்கு முன் யாருமே யோசிப்பார்கள். அவசரப்படுத்துவது நாகரிகமில்லை. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி ஆனது. நான்கரை ஆனது. அறையில் கணினியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவிக்காக நான் அவ்வளவு நேரம் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

ஐந்து பத்துக்கு ‘விடு’ என்ற பொத்தானை அழுத்தினேன். என் வேலையில் ஒரு குறை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை மடியில் ஒரே ஒரு செய்திதான் இருக்கும்; இப்போது பல சேர்ந்ததும், ‘பொறு’ எல்லாவற்றையும், வரிசை தெரிய அவை வந்த நேரத்தோடு, ஒரே மூச்சில் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். ஸ்பேனரின் கைப்பேசியில் பதினைந்து செய்திகள் மழையாக விழுந்தன. எனக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, என்னண்ணே இது? ஒண்ணு இருபதுக்குச் சிக்கின ஆளுக்கு இப்ப மெசேஜ் வருது! பதினாலு தடவை மணி அடிச்சிருக்காங்கண்ணே!"

"போய்ப் பாருப்பா" என்றேன்.

பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விட்டான். கதவை நெம்பித் திறந்தவன் அவனே. அவளை அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறான். பாவம், அவனிடம் தயவுசெய்து கடுமையாகப் பேச வேண்டாம். அவனிடம் எந்தத் தப்பும் இல்லை.

இனி நீங்கள் நேற்று கேட்டதற்கு வருகிறேன். மருத்துவர் அறிக்கைப்படி நான்கு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் துணையின் பதிவில் ஐந்து ஒன்பதுக்கு என் மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு வரி இருக்கிறது: "ஏன்னா அவரை எனக்குப் பிடிக்கும்.." ஐந்து ஒன்பதுவரை அவள் உயிரோடு இருந்திருந்தால் நீ சொல்கிற கதையே வேறாகிவிடுமே, உன் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வாரே என்றீர்கள். எனக்கு அது வேண்டாம். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வரியை எழுதியது நான். என் மேஜையிலிருந்து, அவளுடைய திரையின் எண்ணைப் போட்டு, மறக்காமல் இரண்டு புள்ளி வைத்து அனுப்பினேன். அவள் அன்று பேசியதையெல்லாம் முதலிலிருந்து நான்கு முறை படித்துப் பார்த்தேன். அவள் சொல்ல வந்தது வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் எனக்குக் கதவைத் திறக்க மனம் வந்தது.